லுஷோட்டோவுக்கு இரண்டு பேர்

வென்ட்வேர்த்வில்
11 மே 2025

அன்பின் யோகா மச்சாளுக்கு,

இங்கே சிட்னியில் நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சீனி வருத்தம் எப்படி, புதிய காது மெஷின் பழகிவிட்டதா என்று எழுதுங்கள். தொலைபேசியில் உங்களுக்குக் கேட்பதில்லை. குறுஞ்செய்தி உங்களுக்குப் பிடிப்பதில்லை. இருபது வருடம் தபால் பிரித்த கைக்குக் கடிதம்தான் வேண்டும் என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. எழுதப் பிந்தியதற்கு மட்டும் மன்னியுங்கள்.

ஒரு செய்தி. ஒக்ரோபரில் நானும் உங்கள் தம்பியும் கொஞ்ச நாள் தன்சானியாவுக்குப் போகலாம் என்று யோசிக்கிறோம். மிருகம் பார்க்கும் பயணம் அல்ல. வடகிழக்கே உசம்பாரா என்று ஒரு மலைத்தொடர் இருக்கிறது. அதற்குள் லுஷோட்டோ என்று சிறிய ஊர். பரமட்டா நூலகத்தில் வேறு புத்தகம் தேடப் போனபோது அந்தப் பெயரைப் பார்த்தேன். மரக்கறித் தோட்டங்கள், செம்மண் பாதைகள், ஒரு சந்தை. பார்ப்பதற்கென்று பெரிதாக ஒன்றும் இல்லை என்று அந்தப் புத்தகமே சொன்னது. அதுதான் எனக்குப் பிடித்தது.

சஞ்சீவிடம் காட்டினேன். "அங்க எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப போவம்" என்றார். லண்டனில் உங்கள் சித்தி, ரொறன்ரோவில் என் மாமா, பாரிசில் இரண்டு பக்கத்து ஆட்களும். எங்கே போய் இறங்கினாலும் சோறு போட ஒருவர் விமான நிலையத்தில் நிற்பார். சோற்றோடு கேள்வியும் வரும்.

வேலை அப்படியே போகிறது. நீதிமன்ற ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறேன். சாட்சி வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினால் 'வாய்மொழிப் பதில் இல்லை' என்று போட வேண்டும். சில நாட்களில் அதைத்தான் கூடுதலாகத் தட்டுகிறேன். அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சஞ்சீவ் தன் அன்பைச் சொல்லச் சொன்னார். சொல்லவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அன்புடன்
யாமினி

~

மல்கிரேவ்
20 மே 2025

அன்புள்ள யாமினிக்கு,

நான் சுகம். சீனி ஏறி இறங்குது, அது அதின்ர வேலை. காது மெஷின் காதில இல்லை, மேசை லாச்சியில இருக்கு. கதைக்கிற மாதிரித்தான் எழுதுவன், பிழை பிடிக்காதையும்.

ஆபிரிக்காவுக்குப் போறதெண்டு வெளிக்கிட்டு, சிங்கம் இல்லாத இடமாப் பாத்துப் போற ஆக்கள் நீங்கள் இரண்டு பேரும்தான். விமலாதேவியிட்டச் சொன்னன், விழுந்து விழுந்து சிரிச்சா. உமக்கு நினைவிருக்கும், என்னோட தபால் பிரிச்சவ, இரண்டு வீடு தள்ளி இருக்கிறா.

உங்கட யோசினை எனக்கு விளங்கிட்டுது. மறைக்க வேண்டாம். இடம் மாறினா உடம்பு மாறும். விமலாதேவியின்ர மூத்தவளுக்கு எட்டு வருசமாப் பிள்ளை இல்லை. சுவிசுக்குப் போட்டு வந்தாள், வந்த கையோட தங்கிட்டுது. மலைக்காத்து நல்லது எண்டு எல்லாரும் சொல்லுவினம்.

அந்தக் கடைசி ஒண்டு கிளினிக்கில உறைய வைச்சபடி பத்திரமா இருக்குத்தானே? மற்றதுகள் சரிவரேல்லை, சரி. எல்லாத்துக்கும் கடைசி எண்டு ஒண்டு வைச்சிருக்கிறது காரணத்தோடதான். நான் கந்தசட்டி ஆறு வருசம் பிடிக்கிறன் எண்டு முருகனுக்குச் சொன்னனான். இந்த ஒக்ரோபரோட ஆறாவது வருசம். மாதச் சட்டியும் ஒண்டும் விடேல்லை. பயணத்தால வந்து அதை வைச்சா எல்லாம் பொருந்தும். டொக்டரிட்டக் கேட்டனீரோ?

அம்மா போகேக்க சஞ்சீவுக்கு ஐஞ்சு வயசு. நான் கலியாணம் கட்டாததுக்கு அவன் காரணம் எண்டு சனம் சொல்லும். அப்பிடியில்லை, எனக்கு ஒருத்தரையும் பிடிக்கேல்லை. ஆனால் அவனை வளத்த கையால அவன்ர பிள்ளையையும் ஒருக்காத் தூக்கிட்டன் எண்டா எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். இது உமக்குத் தெரியும். தெரிஞ்சாலும் எழுதிறன்.

போற திகதியை எழுதும். குளிருக்குள்ள வெறுங்காலோட நடக்காதையும்.

அன்புடன்
மச்சாள் யோகா

~

வென்ட்வேர்த்வில்
8 யூன் 2025

அன்பின் மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். லாச்சிக்குக் காது தேவையில்லை; மெஷினை எடுத்துப் போடுங்கள்.

நீங்கள் கேட்டவற்றில் திகதியை முதலில் எழுதுகிறேன். ஒக்ரோபர் 18 புறப்பட்டு மாதக் கடைசியில் திரும்புகிறோம். அதற்குப் பிறகு அங்கே சின்ன மழைக்காலம் தொடங்கிவிடுமாம்.

மலைச் சரிவில் ரெஹேமா என்ற பெண் நடத்தும் விடுதியில் தங்குவோம். தன் தோட்டத்து மரக்கறியைத்தான் சமைப்பாராம். நாலு அறைகள். மின்னஞ்சலில் மிகவும் மரியாதையாக எழுதுகிறார். வீட்டில் எல்லோரும் சுகமா, வேலை சுகமா, பயணத்துக்கான ஆயத்தம் சுகமா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறார். கடைசி வரியில், ஒரு கட்டில் உள்ள அறை வேண்டுமா, இரண்டு கட்டில் உள்ள அறை வேண்டுமா என்று கேட்டிருந்தார். அந்த மின்னஞ்சல் கொஞ்ச நாளாகத் திறந்தபடி இருக்கிறது. சஞ்சீவ் வாசித்தார். நானும் வாசித்தேன். "நீர் எழுதும்" என்றார். "நீங்கள் எழுதுங்கோ" என்றேன். பிறகு அவர் குப்பை வாளியை வெளியே வைக்கப் போனார்.

ரயிலில் போகும்போது அந்த நாட்டுச் சுவாஹிலி மொழி படிக்கிறார். பக்கத்தில் இருந்த ஒருவருக்கு அந்த மொழியில் வணக்கம் சொன்னாராம். அவர் கானாக்காரர். ஆனாலும் கைகொடுத்தாராம்.

மற்றவற்றை ஆறுதலாக எழுதுகிறேன். மருந்தை நேரத்துக்கு எடுங்கள்.

அன்புடன்
யாமினி

~

மல்கிரேவ்
17 யூன் 2025

அன்புள்ள யாமினிக்கு,

நீங்கள் சுகம் எண்டு எழுதினது சந்தோசம். நானும் இருக்கிறன்.

திகதியைப் பாத்தன். பிறகு கலண்டரைப் பாத்தன். இந்த முறை கந்தசட்டி 22 தொடங்கி 27 சூரன்போர். நான் இஞ்ச உங்களுக்காகப் பட்டினி கிடக்க, நீங்கள் அங்க கோழி சாப்பிட்டுக்கொண்டு திரிவியள். நல்ல கோவம் வந்தது. குசினிக்குள்ள போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு யோசிச்சன். முருகன் மலையில இருக்கிறவர். நீங்களும் மலைக்குத்தான் போறியள். சரி, போங்கோ. ஆனால் அந்த ஆறு நாளும் மச்சம் மாமிசம் தொடாதையுங்கோ.

கட்டில் ஒண்டு எண்டு எழுதும். அது என்ன கேள்வி.

எங்கட ஆக்கள் இல்லாத இடம் எண்டு நினைச்சுச் சந்தோசப்படாதையுங்கோ. கேதீஸ்வரன் அங்கிள் முந்தித் தன்சானியாவில கணக்குப் படிப்பிச்சவர். இப்ப இஞ்ச கிட்ட, கிளெய்டனில இருக்கிறார். அவரோட படிப்பிச்ச ஒராள் இன்னும் அங்கதானாம். விலாசம் எடுத்துத் தரட்டோ?

போன கிழமை டொக்டர் கிட்னி கொஞ்சம் களைச்சுப்போச்சு எண்டு சொன்னார். இனிப் பட்டினி கிடக்கக் கூடாதாம். அவர் கிரேக்கர். அவையளும் விரதம் பிடிக்கிற ஆக்கள்தானே, சொன்னா விளங்கும் எண்டு பாத்தன். விளங்கேல்லை.

நான் கடைசி ஒண்டைப் பற்றிக் கேட்டனான். நீர் கட்டிலைப் பற்றி எழுதியிருக்கிறீர்.

அன்புடன்
யோகா

~

வென்ட்வேர்த்வில்
2 ஓகஸ்ட் 2025

அன்பின் மச்சாளுக்கு,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. சஞ்சீவும் சுகம். கவுன்சிலில் மழைநீர் வாய்க்கால் வேலை கூடிவிட்டது. வந்து சாப்பிட்டு, வரைபடத்தோடு முன்னறைக்குப் போய்விடுகிறார். கேதீஸ்வரன் அங்கிளின் நண்பருடைய விலாசம் வேண்டாம், தயவுசெய்து.

விமான ரிக்கற் எடுத்தாயிற்று. போகும் வழியில் நைரோபியில் ஓர் இரவு தங்க வேண்டும். அப்படித் தங்கினால் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட சான்றிதழ் இல்லாமல் தன்சானியாவுக்குள் விடமாட்டார்கள். ஆகவே போன சனிக்கிழமை இருவரும் பரமட்டாவில் ஒரு பயண மருந்தகத்துக்குப் போனோம்.

ஊசி போடும் தாதிக்கு என் வயதுதான் இருக்கும். கேள்விகளைத் திரையைப் பார்த்தபடியே கேட்டார். முட்டை ஒவ்வாமை உண்டா? இல்லை. கர்ப்பமா? இல்லை. அடுத்த மாதத்துக்குள் கர்ப்பமாகும் எண்ணம் இருக்கிறதா? இல்லை என்றேன். யோசிக்க நேரம் எடுக்கவில்லை. சஞ்சீவ் பக்கத்துக் கதிரையில் சேட்டுக் கையை மடித்துவிட்டபடி தன் முறைக்காக இருந்தார். ஊசி நோகவில்லை. வெளியே வந்து, "தோசை சாப்பிடுவமோ?" என்று கேட்டார். சரி என்றேன். இருவரும் பாதி பாதி மிச்சம் வைத்தோம்.

மச்சாள், கிட்னியைப் பற்றி இரண்டு வரியில் எழுதி, கிரேக்கர் கதை சொல்லி முடித்துவிட்டீர்கள். இந்த வருடம் பட்டினி கிடக்க வேண்டாம். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். எங்களுக்காகப் பிடிப்பது என்றால், எங்களுக்காகவே விட்டுவிடுங்கள்.

அன்புடன்
யாமினி

~

மல்கிரேவ்
10 ஓகஸ்ட் 2025

அன்புள்ள யாமினிக்கு,

நான் நல்ல சுகம், என்னை நினைச்சு யோசிக்காதையும்.

ஊசிக் கதையை வாசிச்சு நெஞ்சு திக்கெண்டது. விமலாதேவியின்ர இளையவள் நேர்ஸ் எல்லே, ஓடிப்போய்க் கேட்டன். அந்த ஊசி போட்டா பிள்ளை வைக்கக் கூடாது எண்டாள். அதிலயே இருந்திட்டன். "அன்ரி, ஒரு மாதத்துக்குத்தான்" எண்டாள். முதலே சொல்லுறதுக்கென்ன, என்ர உயிர் போய் வந்தது.

அப்ப நீங்கள் கெட்டித்தனமாத்தான் செய்திருக்கிறியள். ஊசியைப் போட்டு, பயணத்தையும் முடிச்சு, வந்து நவம்பரில வைக்கிறது. எல்லாம் சரியெண்டா அடுத்த ஆடி முடியப் பிள்ளை. அது இஞ்ச நல்ல குளிர். எங்கட வீட்டு ஹீற்றர் சத்தம்தான் போடும், சூடு தராது. ஒராளைக் கூப்பிட்டுக் காட்டினன், மாத்தத்தான் வேணுமாம். இப்பவே மாத்திறன். நீங்கள் மூண்டு பேரும் வந்து நிக்கேக்க ஓடித்திரியேலாது.

விரதத்தை விடச் சொல்லி இனி எழுதாதையும். ஐஞ்சு வருசம் நடந்தவள் வாசல் படலையடிக்கு வந்து திரும்பிப் போறதோ?

அன்புடன்
யோகா

~

வென்ட்வேர்த்வில்
24 ஓகஸ்ட் 2025

அன்பின் மச்சாளுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை இருந்துகொண்டு வாசியுங்கள்.

ஹீற்றரை எங்களுக்காக மாற்ற வேண்டாம்.

கடைசியாக இருந்ததை மார்ச் மாதம் வைத்தார்கள். அதுவும் தங்கவில்லை. தாதி தொலைபேசியில் சொன்னபோது பரமட்டா ரயில் மேடையில் நின்றேன். "சரி, நன்றி" என்றேன். ரயில் வந்தது, ஏறினேன். வேலைக்குப் போய் ஒரு வாடகை வழக்கைத் தட்டச்சு செய்து முடித்தேன். இனி ஒன்றும் செய்வதில்லை என்று இருவரும் தீர்மானித்தோம். தீர்மானித்தோம் என்பது பெரிய சொல். அதைப் பற்றி ஒருவரும் மறுபடி பேசவில்லை, அதுவே தீர்மானமாகிவிட்டது.

"அக்காவுக்கு நான் சொல்லுறன்" என்றார் சஞ்சீவ். ஈஸ்டர் லீவுக்கு உங்களிடம் வந்தது அதற்குத்தான். திரும்பி வந்து, "அக்கா மீன்குழம்பு வைச்சவ" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் எழுதியிருக்கலாம். ஒவ்வொரு கடிதத்திலும் சொல்லாமல் உணர்த்திவிடலாம் என்று பார்த்தேன். ஊசியைப் பற்றி எழுதியதும் அதற்குத்தான். ஆனால் நீங்கள் எதற்குள்ளும் ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறீர்கள். இன்னொரு காரணமும் உண்டு. இங்கே எல்லாம் முடிந்த பிறகும், உங்கள் கடிதத்தில் அது பத்திரமாக இருந்தது. 'கடைசி ஒண்டு' என்று நீங்கள் எழுதியதை வாசிக்கும்போது, எங்கேயோ ஒரு வீட்டில் அதற்கு இன்னும் இடம் இருக்கிறது என்று தோன்றியது. அங்கேயாவது இருக்கட்டும் என்று விட்டேன். அந்த நாட்களில் நீங்கள் சாப்பிடாமல் இருந்தீர்கள் என்பதை நான் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

பயணம் பிள்ளைக்காக அல்ல. பிள்ளை இல்லாத இரண்டு பேராக எங்களால் ஒரு இடத்தில் இருக்க முடியுமா என்று பார்க்கத்தான். இந்த வீட்டில் முடியவில்லை. மார்ச்சிலிருந்து அவர் முன்னறையில்தான் படுக்கிறார். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் உங்களுக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் இன்னும் அழவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

யாமினி

~

மல்கிரேவ்
5 ஒக்ரோபர் 2025

யாமினிக்கு,

சுகம் விசாரிக்க மனமில்லை. உம்மட கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல.

சித்திரையில பிடிச்ச சட்டி ஆருக்கு? வைகாசியில, ஆனியில, ஆடியில பிடிச்சது ஆருக்கு? இல்லாத ஒண்டுக்காக நான் பட்டினி கிடந்தனான். நீங்கள் இரண்டு பேரும் தெரிஞ்சுகொண்டு இருந்தியள். செத்த வீடெண்டாலும் எட்டுச் சடங்கு எப்ப, முப்பத்தொண்டு எப்ப எண்டு ஆள் விட்டுச் சொல்லுவினம். எனக்கு ஒரு சொல்லு வரேல்லை. நான் ஹீற்றர்காரனோட விலை கதைச்சுக்கொண்டு நிண்டனான்.

போன மாதச் சட்டிக்குக் குசினிக்குள்ள மயங்கி விழுந்திட்டன். விமலாதேவி அம்புலன்சுக்குப் போன் அடிச்சு, சஞ்சீவுக்கும் அடிச்சவ. அவன் அடுத்த நாள் வந்து நிண்டான். மெஷினை எடுத்துக் காதில போட்டன். அவன் வாயால சொல்லுறதை நான் கேக்கவேணும்.

"ஏன்ரா சொல்லேல்லை?" எண்டு கேட்டன்.

"மீன்குழம்பு வைச்சிருந்தனீங்கள் அக்கா."

"அதுக்கு?"

"சாப்பிட்டிட்டுச் சொல்லுவம் எண்டு இருந்தனான். சாப்பிட்டாப்போல நீங்கள் தொட்டிலைப் பற்றிக் கதைச்சியள்."

மெஷினைக் காதில சரிப்படுத்தினன். பிறகு, "ஆபிரிக்கா போறியளோ?" எண்டு கேட்டன்.

"ரிக்கற் இருக்கு."

"நான் ரிக்கற்றைக் கேக்கேல்லை."

"அவள் வந்தாப் போவன்."

"அவள் என்ன சொல்லுறாள்?"

"அவளும் இதைத்தான் சொல்லுவாள்" எண்டான். நாப்பது வயசு ஆகப்போகுது, பள்ளிக்கூடத்தில அடிவாங்கிக்கொண்டு வந்த பிள்ளை மாதிரிக் கதிரை நுனியில இருந்தான். பிளேனுக்கு நேரமாச்சுது எண்டு எழும்பிப் போட்டான்.

ஒண்டு சொல்லுறன். கந்தசட்டி பிடிப்பன். ஆறு வருசம் எண்டு சொன்னது நான். கேக்கிறதுக்கு ஒண்டும் இல்லாட்டிலும் சொன்ன சொல்லு இருக்கு. டொக்டர் கத்தினவர். கத்தட்டும்.

யோகா

~

வென்ட்வேர்த்வில்
9 ஒக்ரோபர் 2025

அன்பின் மச்சாளுக்கு,

உங்களுக்குக் கோபம் இருக்க வேண்டும். அதைக் குறைக்க ஒன்றும் எழுத மாட்டேன்.

என் கலியாணத்துக்கு அடுத்த வருடம் நீங்கள் சொன்னது: விரதம் பிடிப்பவர் நோயில் விழுந்தால், அந்த வீட்டில் இன்னொருவர் அதை ஏற்றுப் பிடிக்கலாம். உங்கள் அப்பாவுக்காக நீங்கள் அப்படிப் பிடித்தீர்கள் என்றும் சொன்னீர்கள். நானும் அந்த வீட்டு ஆள்தானே.

இந்த வருடத்தை நான் பிடிக்கிறேன். எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நம்பாதவள் பிடித்தால் அது கணக்கில் சேருமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆறு நாளும் பாலும் தண்ணீரும் மட்டும். எனக்கு அது சுலபம். மார்ச்சிலிருந்து பசித்துச் சாப்பிட்ட நாள் இல்லை. மணிக்கூட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். பதிலுக்கு நீங்கள் ஆறு நாளும் மூன்று வேளையும் சாப்பிட வேண்டும்.

நாங்கள் போகிறோம். விடுதிக்குச் சஞ்சீவ் பதில் எழுதிவிட்டார், எந்த அறை இருக்கிறதோ அது போதும் என்று.

உங்கள் பதிலுக்குப் பார்த்திருக்கிறேன்.

யாமினி

~

லுஷோட்டோ
26 ஒக்ரோபர் 2025

அன்பின் மச்சாளுக்கு,

நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம். இங்கேயே எழுதி, சிட்னியில் தபாலில் சேர்ப்பேன். புறப்படும்வரை உங்கள் பதில் வரவில்லை. சட்டி தொடங்கும் காலை நீங்கள் சாப்பிடுகிறீர்களா என்று பார்க்கச் சொல்லி விமலாதேவி அன்ரிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். 'கேட்டால் கதவைச் சாத்துறா' என்று பதில் வந்தது. ஆகவே ஒன்றும் தெரியாமலே தொடங்கினேன்.

அறையில் ஒரு கட்டில்தான், ஒரு நுளம்பு வலை. முதல் இரவு அதற்குள் விருந்தாளிகள் போல ஆளுக்கொரு கரையில் படுத்தோம். காலையில் சன்னலைத் திறந்தால் மேகம் கீழே நிற்கிறது. முட்டைக்கோவாவும் அவரையும் படிப்படியாக நட்ட சரிவுகள். வடிவு என்று தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான்.

நான் விரதம் என்று சஞ்சீவ் தன் சுவாஹிலியில் சொன்னார். ரெஹேமா முஸ்லிம், நோன்பு அவருக்குப் புதிதல்ல. ஆனால் பொழுதுபட்ட பிறகும் நான் சாப்பிடவில்லை என்றதும், சஞ்சீவை ஒரு மாதிரிப் பார்த்தார். தான் என்னைப் பட்டினி போடுவதாக ரெஹேமா நினைக்கிறார் என்று சஞ்சீவுக்கு ஒரே கவலை. அதன் பிறகு ரெஹேமாவுக்கு முன்னால் என்னுடன் மிக அன்பாகப் பேசினார். மூன்று நாளும் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

நேற்று நாலாம் நாள். இருவரும் மலை விளிம்பு வரை நடந்தோம். திரும்பும் வழியில் பாதையோரம் ஒரு பெண் கரி அடுப்பில் சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். உப்பையும் மிளகாய்த்தூளையும் ஒரு பாதித் தேசிக்காயின் புளியில் தொட்டு மேலே தேய்த்துக் கொடுக்கிறார். சஞ்சீவ் ஒன்று வாங்கினார். என்னைப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு மற்றப் பக்கம் திரும்பி நின்று சாப்பிட்டார்.

அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வயிற்றுக்குள் ஏதோ இழுத்துப் பிடித்தது. நோவு என்று நினைத்தேன். எங்கே நோகிறது என்று தேடிக்கொண்டிருக்கும்போதுதான் விளங்கியது. பசி.

அவர் கையிலிருந்ததைப் பறித்தேன். பறித்தேன் என்பதுதான் சரியான சொல்.

"விரதம்?" என்றார்.

"முறிஞ்சு போச்சு."

"அக்கா?"

"எழுதிறன்."

"அது என்ர சோளம்" என்றார்.

இன்னொன்று வாங்கச் சொன்னேன். அதையும் நானே சாப்பிட்டேன். வாய் எரிந்தது. கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓடியது. எல்லாம் மிளகாயால்தான் என்று சொல்ல மாட்டேன். பாதையோரத்திலேயே இருந்துவிட்டேன். சஞ்சீவும் வந்து பக்கத்தில் இருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. தோள் ஆடியது தெரிந்தது. சோளக்காரப் பெண் எங்கள் இருவரையும் பார்த்தார். அடுப்பை விசிறி இன்னும் இரண்டு வைத்தார்.

உங்கள் ஆறாவது வருடத்தை நான் முறித்துவிட்டேன், மச்சாள். அதற்கு என்ன பரிகாரம் என்று தெரியாது. இனிச் சாப்பிடாமல் இருக்கவும் என்னால் முடியாது. இன்று காலை ரெஹேமாவின் அவரைக் கறியை மூன்று முறை கேட்டு வாங்கினேன். சஞ்சீவ் மீதான சந்தேகமும் தீர்ந்தது.

யாமினி

~

மல்கிரேவ்
12 நவம்பர் 2025

அன்புள்ள யாமினிக்கு,

நான் சுகம். இந்த முறை உண்மையாகவே சுகம், டொக்டரும் சொன்னார். நீங்கள் இரண்டு பேரும் பத்திரமா வந்து சேந்தது சந்தோசம்.

சட்டி தொடங்கின அண்டு காலமை குளிச்சு, விளக்கேத்தி, படத்துக்கு முன்னால நிண்டன். யாமினி பிடிக்கிறாளாம் எண்டு சொன்னன். பிறகு குசினிக்குள்ள போய், பாண் துண்டில பட்டரைப் பூசிச் சாப்பிட்டன். ஒவ்வொரு வாயும் களவெடுத்த மாதிரி. அந்த நேரம் பாத்து விமலாதேவி வந்து, "சாப்பிட்டனீரோ?" எண்டு கேக்கிறா. வெக்கத்தில கதவைச் சாத்தினனான். அடுத்த நாள் சோறு காய்ச்சினன். மூண்டாம் நாள் கத்தரிக்காய் பொரிச்சுக் குழம்பு வைச்சன். சூரன்போர் அண்டு நண்டு வாங்குவம் எண்டு ஒரு எண்ணம் வந்தது. அது கொஞ்சம் கூடிப்போகும் எண்டு விட்டிட்டன்.

நீர் பிடிக்கிறீர் எண்ட நம்பிக்கையில நான் ஆறு நாளும் வயிறாரச் சாப்பிட்டன். நீர் அங்க நாலாம் நாளே ரோட்டுக்கரையில இருந்து சோளம் திண்டிருக்கிறீர். கடிதத்தை வாசிச்சுப்போட்டு முருகன் படத்தை நிமிந்து பாத்தன். இந்த வருசம் எங்கட வீட்டில ஒருத்தரும் பட்டினி கிடக்கேல்லை எண்டு சொன்னன். அவர் ஒண்டும் சொல்லேல்லை. ஐஞ்சு வருசமா நான் கேட்டதுக்கும் ஒண்டும் சொன்னவரில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பில்லை. கன நேரம் கடிதம் வாசிச்ச கதிரையிலயே இருந்தன்.

கோவம் முழுக்கப் போகேல்லை. போக நாளெடுக்கும். அதைச் சாட்டி எழுதாமல் விடாதையும்.

டிசெம்பரில நத்தார் லீவுக்கு வாங்கோ. இரண்டு பேர்தானே, பின்னறைக் கட்டில் ஒண்டே காணும். வரேக்க என்ன சாப்பிட ஆசை எண்டு எழுதும். நீர் எங்கட வீட்டுக்கு வந்து இவ்வளவு வருசத்தில நான் உம்மட்ட அதைக் கேட்டதில்லை. எப்பவும் மற்றதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தனான்.

அன்புடன்
மச்சாள் யோகா